அம்மாவின் நோன்பை நிறுத்தச் சொல்வது எப்படி? சுகர் 48-க்கு இறங்கிய பிறகும் கேட்க மறுக்கிறார்

மண்ணடி மகன்
ஷஃபான் பிறை 9, இரவு 10.50

அஸ்ஸலாமு அலைக்கும். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. சுகர் வந்து 19 வருடம். காலையும் இரவும் மாத்திரை, இரண்டு வருடமாக இரவில் இன்சுலினும் உண்டு. போன ரமலானில் 11-வது நோன்பு அன்று, அஸர் தொழுதுவிட்டு கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள புதினாத் துவையல் அரைக்க அடுப்படிக்குப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறுகிறது. என் மனைவி விரலில் குத்திப் பார்த்தால் 48. சர்பத் கலக்கி வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார், பாங்குக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே என்று. நான்தான் தாடையைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். தெளிந்ததும் அழுதார். "என் நோன்பை முறிச்சிட்டியேடா" என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் ஸஹருக்கு, அந்த விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் காட்டும் டாக்டரிடம் போன வருடமே சொன்னோம். "இந்த வயசுல விரதமெல்லாம் எதுக்கு, சாப்பிடுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அதிலிருந்து அம்மா அவரிடம் ரமலான் என்ற பேச்சையே எடுப்பதில்லை. மாத்திரையை எப்போது போடுவது, எதை விடுவது என்று அவரே முடிவு செய்துகொள்கிறார். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ரமலானுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ராயபுரத்தான்
ஷஃபான் பிறை 9, இரவு 11.35

வ அலைக்கும் ஸலாம். தம்பி, கோபப்படாதீர்கள். பெற்ற தாய் ஃபர்ளை, மார்க்கக் கடமையை, நிறைவேற்றுகிறேன் என்கிறார், அதை எப்படி நிறுத்துவது என்று மகன் ஊரைக் கூட்டிக் கேட்கிறான். படிக்கவே மனசு கனக்கிறது. நம் பெரியவர்கள் சுகர், பிரஷர் எல்லாவற்றோடும் நோன்பு பிடித்தவர்கள்தானே. இப்போது பிள்ளைகள் சின்னத் தலைவலிக்கே நோன்பை விடுகிறார்கள், அந்த வீட்டில் பெரியவர் ஒருவராவது பிடிக்கட்டுமே. என் வாப்பா 71 வயதில், நோன்பு வாயோடு மௌத் ஆனார், இறந்துபோனார். அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது.

பெரம்பூர் நர்ஸ்
ஷஃபான் பிறை 10, காலை 7.10

நைட் டூட்டி முடித்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். 48 என்பது சின்ன விஷயம் இல்லை சகோதரரே. 70-க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும், 300-ஐத் தாண்டினாலும் திறக்க வேண்டும். சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் ரமலானும் நீரிழிவும் பற்றிய அமைப்பும் சேர்ந்து கொடுத்த வழிகாட்டி இப்படித்தான் சொல்கிறது. எத்தனை மணி மிச்சம் இருக்கிறது என்பது அதில் கணக்கே இல்லை. பாங்குக்குப் பத்து நிமிடம்தான் என்றாலும் அந்தப் பத்து நிமிடத்தில் வலிப்பு வரலாம்.

சுகர் இருந்தால் யாருமே நோன்பு பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் போட்டு, சுகர் கட்டுக்குள் இருப்பவர்கள் மருந்து நேரத்தை மாற்றிக்கொண்டு நல்லபடியாகப் பிடிக்கிறார்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும் வேறு. சாப்பிடாத வயிற்றிலும் அவை சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் அம்மாவுக்கு வயதும் ஆகிவிட்டது, இன்சுலினும் இருக்கிறது, ஒரு தடவை இப்படி ஆகியும் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்கிற டாக்டர் யாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனால் அதைச் சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது, அது உங்களுக்குக் கிடைக்கவில்லை. ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே இதைப் பேசியிருக்க வேண்டும். பரவாயில்லை, இந்த வாரமே வேறு சுகர் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவை உட்கார வைத்து, அவரிடமே நேராகப் பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்று, விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது. முறிந்துவிடும் என்று நினைத்தே பல பெண்கள் பகலில் சுகர் பார்ப்பதில்லை.

மதரஸா மாணவன்
ஷஃபான் பிறை 10, மதியம் 2.20

ராயபுரத்து அண்ணனுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நோன்பைக் கடமையாக்கிய வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே (2:184) நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை வந்துவிடுகிறது. அதற்கும் அடுத்த வசனத்தில் அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்று வருகிறது. அந்தச் சலுகையும் அதே ஷரீஅத்தின் சட்டம்தான். அதைக் கொடுத்தவனும் அவனே. உயிருக்கு ஆபத்து என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் பிடிப்பது கூடாது என்றே நம் இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று 2:195 சொல்கிறது.

ஒரு பயணத்தில் மக்கள் ஒருவரைச் சுற்றி நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருப்பதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் பார்த்தார்கள். என்ன என்று கேட்டபோது அவர் நோன்பாளி என்றார்கள். பயணத்தில் இப்படி நோன்பு பிடிப்பது நன்மையில் சேராது என்று சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. 48-ல் சுவரைப் பிடித்து நின்ற தாயைப் படித்ததும் எனக்கு இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வந்தது.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். குணமாகிவிடும் நோய் என்றால் விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்ய வேண்டும், அதாவது வேறு நாளில் பிடிக்க வேண்டும். குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத நோய், தள்ளாத வயது என்றால் ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு உணவு, அதுதான் ஃபித்யா. ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) ஒரு நாளுக்கு முத்து என்ற அளவு ஒன்று, அரிசியாகப் பார்த்தால் முக்கால் கிலோ கொடுத்தால் போதும். ஹனஃபியில் ஸாவு என்ற அளவில் பாதி கோதுமை, ஏறக்குறைய அதற்கு இரண்டு மடங்கு, அல்லது அதன் மதிப்பு. உங்கள் ஜமாஅத் எந்த மத்ஹப் என்று ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நபித்தோழர் அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் முதுமையில் நோன்பு பிடிக்க முடியாமல் போனபோது, ஒரு வருடமோ இரண்டு வருடமோ, நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பத்து வருடம் நபியின் வீட்டில் பணிவிடை செய்தவர் அவர்கள். அவர்களே சலுகையை எடுத்துக்கொண்டார்கள்.

புதுப்பேட்டை வாசி
ஷஃபான் பிறை 10, மாலை 6.00

இப்போது விட்டுவிட்டு, பகல் குறுகிய குளிர்காலத்தில் கழாச் செய்யலாமே? என் மாமா லண்டனில் அப்படித்தான் செய்கிறார்.

மதரஸா மாணவன்
ஷஃபான் பிறை 10, மாலை 6.45

லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. சென்னையில் ஒன்றரை மணி நேரம் வந்தால் பெரிது. டிசம்பரில் பிடித்தாலும் இங்கே ஸஹரிலிருந்து மஃரிப் வரை, அதாவது சூரியன் மறையும் வரை, 12 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வெயில் இல்லாததால் தாகம் குறையும், அவ்வளவுதான். ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள் என்பதால் ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது, 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று இரண்டு தடவை தொடங்கும். ஆனால் இன்சுலின் போடும் உடம்புக்கு எந்த மாதமாக இருந்தாலும் வெறும் வயிறு வெறும் வயிறுதான்.

மண்ணடி மகன்
ஷஃபான் பிறை 11, இரவு 11.15

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். நேற்று இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து 2:184-ல் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அனஸ் அவர்களின் செய்தியைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியாதாடா இதெல்லாம்? உன் அத்தாவுக்குக் கடைசி மூணு வருஷமும் நான்தானே ஃபித்யா அளந்து கொடுத்தேன். அரிசியை அளந்து கொடுத்திட்டு நான் என்ன செய்யறது? நீங்க எல்லாம் ஸஹருக்கு எந்திரிக்கும்போது போர்த்திட்டுப் படுத்துக் கிடக்கவா? நோன்பு திறக்க உட்காரும்போது நான் யாரு அங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை நாள் நான் சட்டத்தையே தேடிக்கொண்டிருந்தேன். அம்மா சட்டத்தில் நிற்கவே இல்லை.

ஜாம்பஜார் லாத்தா
ஷஃபான் பிறை 12, காலை 5.40

தம்பி, உங்கள் அம்மா கேட்டது என் கேள்வி. அதனால் ஃபஜ்ர் தொழுத கையோடு எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. நாலு வருடமாக டயாலிசிஸ், வாரத்தில் மூன்று நாள். முதல் வருடம் ரமலான் வந்தபோது வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். "நீங்க படுங்கம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா." ஸஹரில் தட்டுச் சத்தம் கேட்கும், நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். மதியம் மருமகள் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கூச்சப்படக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு போவாள். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது. 45 வருடம் பிடித்த நோன்பு, ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். மஃரிப் நேரத்தில் தலைவலி என்று சொல்லி எழுந்து வராமல் இருந்த நாளும் உண்டு.

மாறியது இப்படித்தான். ஒரு நாள் மதியம் மருமகள் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தொழுகை இல்லாத நாள். "மாமி, வருஷா வருஷம் இந்த ஒரு வாரம் நான் அடுப்படியில நின்னு மறைஞ்சு மறைஞ்சு தின்கிறேன், உங்களோட தின்னா நல்லா இருக்கு" என்றாள். நாங்கள் பெண்கள் வயதுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ரமலானிலும் சில நாள் நோன்பு இல்லாமல்தானே இருக்கிறோம், அந்த நாளில் நம்மை யாராவது ரமலானுக்கு வெளியே என்று நினைத்தார்களா? அன்றுதான் எனக்கு இது உறைத்தது.

அதற்குப் பிறகு ஸஹருக்கு வீட்டை எழுப்புவது என் வேலை ஆயிற்று. மூன்றரைக்கு நான் எழுந்து தஹஜ்ஜுத் தொழுது, சோறு சூடு பண்ணி, ஒவ்வொருவராக எழுப்புவேன். நானும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவேன். நோன்பு திறக்கும் சுஃப்ராவில் பேரீச்சம்பழத்தை ஒவ்வொரு தட்டிலும் நான்தான் வைப்பேன். பொட்டாசியம் இருப்பதால் நான் அதைச் சாப்பிடக் கூடாது, ஒரு மடக்குத் தண்ணீர்தான் குடிப்பேன், ஆனால் பாங்கு சொல்லும் வரை அந்தத் தண்ணீரைத் தொட மாட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நோன்பு இல்லாதவருக்கு அது சட்டமும் இல்லை. எனக்கு வேண்டியிருக்கிறது.

உங்கள் அம்மாவிடமிருந்து நோன்பை எடுக்கிறீர்கள் என்றால் ரமலானில் அவருக்கு ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். ஒப்புக்கு என்று தெரிகிற வேலை வேண்டாம். அவர் செய்யாவிட்டால் வீட்டில் ஒன்று நின்றுபோக வேண்டும், அப்படிப்பட்ட வேலையாகக் கொடுங்கள்.

திருவல்லிக்கேணி மாடிவீடு
ஷஃபான் பிறை 12, காலை 9.30

நான் இந்து. பக்கத்து வீட்டுப் பாயம்மாவுக்கும் இதே நிலைதான், அதனால் முழு இழையையும் படித்தேன். எங்கள் பகுதியில் வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கச் சாப்பாடு பரிமாறுவது சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள், பிரிவினை நேரத்தில் சிந்துவிலிருந்து வந்தவர் தொடங்கியது, இன்றைக்கும் இந்துத் தொண்டர்கள்தான் வந்து செய்கிறார்கள். நோன்பு பிடிக்காத கைகளுக்கும் அந்த மாதத்தில் வேலை இருக்கிறது என்று அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். லாத்தா எழுதியதைப் பாயம்மாவிடம் படித்துக் காட்டப் போகிறேன், அனுமதி உண்டா?

ஜாம்பஜார் லாத்தா
ஷஃபான் பிறை 12, காலை 10.05

தாராளமாக, தம்பி.

ராயபுரத்தான்
ஷஃபான் பிறை 13, இரவு 12.20

இரண்டு நாளாக இந்த இழையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். வாப்பா மௌத்தானதைப் பற்றி எழுதினேன் இல்லையா, அதில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அவருக்குச் சுகர் இல்லை, இதயத்தில் கோளாறு. ரமலானில் மாத்திரை வேளை தவறுகிறதா என்று டாக்டர் கேட்டபோது எல்லாம் சரியாகப் போடுகிறேன் என்று சொன்னார். கஃபன் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அவர் தலையணைக்குக் கீழே பதினெட்டு நாள் பகல் மாத்திரை அப்படியே இருந்தது. உம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

நோன்பு வாயோடு போனார் என்று ஊரே சொன்னது, அதில் எனக்கு ஆறுதல் இருந்தது, இன்றும் இருக்கிறது, அதை நான் விட மாட்டேன். ஆனால் வாப்பாவிடம் யாராவது லாத்தா சொன்ன மாதிரி உட்கார்ந்து பேசியிருந்தால் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானே பேசியிருக்கலாம். தம்பி, முதலில் எழுதியதில் கடுமை இருந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மாத்திரையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மண்ணடி மகன்
ஷஃபான் பிறை 13, காலை 6.30

அண்ணே, பொறுக்க இதில் ஒன்றுமில்லை. உங்கள் வாப்பாவின் மஃபிரத்துக்கு, பாவமன்னிப்புக்கு, இன்று ஃபஜ்ரில் துஆ செய்தேன். மாத்திரை டப்பாவை இன்றே பார்க்கிறேன்.

மண்ணடி மகன்
ஷஃபான் பிறை 24, இரவு 10.00

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேறு சுகர் டாக்டரிடம் போனோம். அவர் எடுத்தவுடன் அம்மாவிடம் கேட்டது, "எத்தனை வருஷமா நோன்பு வெக்கிறீங்கம்மா?" என்றுதான். அம்மா 55 வருஷம் என்றார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். போன வருடம் லோ ஆனபோது படபடப்பு முன்கூட்டியே தெரிந்ததா என்று கேட்டார், தெரியவில்லை என்றார் அம்மா. உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன், அடுத்த தடவை மகன் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கிளிமிபிரைடைக் குறைத்தார். டப்பாவைப் பார்த்ததில் மாத்திரை கணக்குச் சரியாக இல்லை, ராயபுரத்து அண்ணன் சொன்னது நல்லதாகப் போயிற்று.

முஹல்லா ஹஜ்ரத்தையும் வீட்டுக்கு அழைத்தோம். அவர் டாக்டர் எழுதிக் கொடுத்ததை முழுதாகப் படித்துவிட்டு, "இதுக்கு மேல நீங்க பிடிச்சா நான் பொறுப்பாளி, ஃபித்யா கொடுங்க" என்றார். அம்மா வாய் திறக்கவில்லை. போகும்போது ஹஜ்ரத்தே ஒன்று கேட்டார். பள்ளியில் தினமும் இரண்டு அண்டா கஞ்சி காய்ச்சுகிறார்கள், பச்சரிசி அரசு தருகிறது, மற்றதெல்லாம் முஹல்லா போடுவது. பருப்பைப் பார்த்துக் கல் பொறுக்கவும், இஞ்சி பூண்டு உரித்து அரைத்துக் கொடுக்கவும் போன வருடம் ஆள் இல்லாமல் பாக்கெட்டில் வாங்கிப் போட்டார்களாம், ருசியே இல்லை என்று எல்லாரும் சொன்னார்களாம். "உங்க வீட்டுல முடியுமா?" என்றார். அம்மா, "எத்தனை கிலோ?" என்று கேட்டார்.

பெரம்பூர் நர்ஸ்
ஷஃபான் பிறை 24, இரவு 11.10

அல்ஹம்துலில்லாஹ். படித்து முடித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், நோன்பு இல்லை என்றாலும் மாலையில் கஞ்சி, வாடா, சமோசா, சர்பத் என்று சேர்ந்தால் சுகர் ஏறிவிடும். ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சி போதும், பாசிப்பருப்பும் வெந்தயமும் கூடப் போட்டு, தேங்காய்ப்பாலைக் குறைத்து அவருக்குத் தனியாக எடுத்து வையுங்கள். சர்பத் வேண்டவே வேண்டாம், அது லோ ஆகும் நாளுக்கு மட்டும்.

மண்ணடி மகன்
ரமலான் பிறை 5, இரவு 11.40

பிறை தெரிந்த இரவு கஷ்டமாகத்தான் இருந்தது. தராவீஹ் முடிந்து பள்ளியில் நிய்யத் சொல்லிக்கொடுக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. இந்த வருடத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான நோன்பை நாளைக்குப் பிடிக்க என்று வரும்போது அம்மா வழக்கம்போல வாயை அசைத்தார், பாதியில் நிறுத்திவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் மனைவியும் ஒன்றும் பேசவில்லை.

மூன்றே கால் மணிக்கு என் கதவைத் தட்டியது அம்மாதான்.

ஃபித்யாவை அரிசியாக மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. அனஸ் ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்களே, நானும் சமைத்துத்தான் கொடுப்பேன் என்கிறார். ஹஜ்ரத் சொன்ன ஆளுக்கு, பள்ளிக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு, தினமும் மஃரிபுக்கு முன்னால் தூக்குவாளி போகிறது. இன்று பரோட்டாவும் கறி ஆணமும். மதியம் என் மகள் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எட்டு வயது, அரை நோன்பு பிடிக்கிறாள். இரண்டு பேரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். சுகர் மாலையில் 132.

லாத்தாவுக்கு அம்மா ஸலாம் சொல்லச் சொன்னார். கல்லும் தூசியும் இல்லாத பாசிப்பருப்பு மண்ணடியில் மொத்தமாக எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்னும் 25 நாளைக்கு வேண்டும், இப்போது வாங்கியதில் அம்மாவுக்குத் திருப்தி இல்லை.